ஒரே வீட்டில் இரண்டு விசாலாக்ஷி

“ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு விசாலாக்ஷி எப்பிடிம்மா சரிப்படும்?” என்று அத்தை கேட்டாள்.

கல்யாணமாகி மூன்றாம் நாள். கொச்சி மட்டாஞ்சேரி வீட்டு அடுக்களையில் அத்தை கப்பைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். எதிரே மருமகள், என்ன வேலை செய்வதென்று தெரியாமல், விழுந்த தோலைக் கூட்டிக் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்க சொல்லுங்க அத்தை.”

“எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு உன் புருசனுக்குக் கோவம் வந்தா? ‘ஏட்டி விசாலாக்ஷி’ன்னு கத்துவான். கத்து உனக்கு, பேரு எனக்கு. பாதித் திட்டு எங்கிட்டல்லா வந்து சேரும்? பெத்தவளப் பேர் சொல்லித் திட்டுன பாவம் அவனுக்கு எதுக்கு?”

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்போ வேற பேரு வைங்க.”

“மீனான்னு வைப்போமா? சின்னப் பேரு. சட்டுனு கூப்பிடலாம்.” அத்தை உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்தவள் குரலை இறக்கினாள். “மூஞ்சி வாடாத. என் காலம் வரைக்கும்தான். அதுக்குப் பிறகு உன் பேரு உனக்கு. நாந்தான் சொன்னேன்னு சொல்லி வாங்கிக்கோ.”

அது மகள் கற்பகம் பிறப்பதற்கு முன்னால் நடந்த பேச்சு. இப்போது கற்பகம் மங்களூரில் நர்சிங் படிக்கிறாள். அத்தை போய் ஒரு வருஷமாகித் திதியும் கொடுத்தாயிற்று. பேர் மட்டும் திரும்பி வரவில்லை. அன்று அடுக்களையில் வேறு யாரும் இல்லை. சொன்னவள் போய்விட்டாள். கேட்டவள் தானே வாயைத் திறந்து, “உங்க அம்மா சொன்னாங்க” என்று கணவனிடம் போய் நிற்க வேண்டும். அம்மா படத்துக்கு விளக்கேற்றும்போது இன்னும் கண் கலங்குகிற மனிதனிடம் எந்த முகத்தோடு அதைக் கேட்பது?

நாமாவது அவளை விசாலாக்ஷி என்றே அழைப்போம்.

மீனா என்ற பேர் அந்த வீட்டில் ஊன்றவே இல்லை. அத்தையின் தம்பிக்கு ஏற்கெனவே ஒரு மகள் மீனா. அதனால் அவர் ‘தென்காசிக்காரி’ என்றார். அத்தையே நாலு நாள் மீனா என்றாள், அஞ்சாம் நாள் ‘பொண்ணே’ என்றாள், கற்பகம் வயிற்றில் இருக்கையில் ‘பிள்ளத்தாய்ச்சி’ என்று ஆரம்பித்துக் கடைசிவரை அதையும் இதையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள். கீழ்வீட்டு சரோஜம்மாவுக்கு அவள் இன்றைக்கும் ‘புதுப்பொண்ணு’. தலையில் நரை எட்டிப் பார்க்கிற புதுப்பொண்ணு.

கணவன் ரமேஷ்பாபுவுக்கு மீனா என்று சொல்ல வாய் வரவில்லை. யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றான். விசாலாக்ஷி என்றால் அம்மா. ஆகவே ‘இந்தா’, ‘கேட்டியா’, கொஞ்சம் பிரியமாக இருந்தால் ‘எடோ’. கைபேசியில் அவள் எண்ணை ‘வீடு’ என்று போட்டு வைத்திருந்தான். சுள்ளிக்கல்லில் அவனுக்கு ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை. அவள் அழைத்தால், “வீட்லேந்து விளிக்கிறாங்க” என்று கடைப் பையனிடம் சொல்லிக்கொண்டேதான் போனை எடுப்பான். அது அவளுக்கும் கேட்கும்.

அவன் கெட்டவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மீன் வாங்கினால் சுத்தம் செய்து வாங்கி வருகிறவன். அவளுக்குத் தலைவலி என்றால் தானே கஞ்சி வைக்கிறவன். ஒருநாளும் பேர் சொல்லித் திட்டியதில்லை, பேர் இருந்தால்தானே. இப்படிப்பட்டவனைப் பற்றி யாரிடம் என்னவென்று குறை சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். அவளும் ‘ஏங்க’ என்றுதான் அவனைக் கூப்பிடுகிறாள். ஆனால் அவளுடைய ‘ஏங்க’ அன்று முதல் இன்று வரை ஒரே ‘ஏங்க’. அது அவனைத் தவிர வேறு யாருக்கும் போனதில்லை.

ஒருமுறை கோயில் திருவிழாக் கூட்டத்தில் அவள் வழி தவறிவிட்டாள். கைபேசி வீட்டில். ஒலிபெருக்கியில், “கற்பகத்தோட அம்மை எங்கே இருந்தாலும் கொடிமரத்துக்கிட்ட வரணும்” என்று அறிவித்தார்கள். வளையல் கடைப் பக்கம் நின்று அதைக் கேட்டும் அவள் நகரவில்லை. யாரோ ஒரு கற்பகம், யாரோ ஒரு அம்மை என்று நின்றிருந்தாள். மூன்றாம் தடவைதான் அது தன்னை என்று உறைத்தது.

கற்பகம் விடுதிக்குப் போன பின் பகல் முழுக்க வீட்டில் அவள் ஒருத்திதான். காக்கநாட்டில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணினி நிரல் எழுதுகிறாள். அங்கே அவள் வெறும் ஓர் ஊழியர் எண். காலையில் எதிரே சுக்குக் கிடங்கின் கதவு திறக்கிற சத்தம், மத்தியானம் மீன்காரனின் ஹாரன், சாயங்காலம் கணவனின் ஸ்கூட்டர். இடையில் பேச்சென்று ஒன்றும் கிடையாது. சில நாள், பால்காரரிடம் காலையில் சொன்ன ‘வேண்டாம்’தான் மாலைவரை அவள் வாயிலிருந்து வந்த ஒரே சொல்லாக இருக்கும்.

அவளைப் பேர் சொல்லி அழைக்கும் இடம் ஒன்றே ஒன்று. எழுந்து நடமாட முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற தொண்டுக் குழுக்கள் கேரளத்தில் நிறைய உண்டு. அந்தக் குழுக்களுக்காகச் சிலர் சேர்ந்து ஒரு மென்பொருளைச் சும்மாவே செய்து கொடுத்தார்கள். எந்த நர்ஸ் எந்த வீட்டுக்கு என்றைக்குப் போக வேண்டும், யாருக்குத் தண்ணீர்ப் படுக்கை கொடுத்திருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் அதற்கு நிரல் எழுதி அனுப்பலாம். வந்ததைப் படித்து, சரியாக இருந்தால் ஏற்றுச் சேர்க்கும் பொறுப்பு விசாலாக்ஷியுடையது.

அந்தப் பொறுப்பில் அவள் கறார். ஒரு பொருளுக்கு ஒரு பேர்தான். நோயாளியை ஒருவர் ‘பேஷண்ட்’ என்றும் இன்னொருவர் ‘கிளையண்ட்’ என்றும் எழுதி அனுப்பினால், எவ்வளவு நல்ல நிரலாக இருந்தாலும் பேரை மாற்றிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பிவிடுவாள். மனிதர்களுக்கு இரண்டும் ஒன்றென்று புரியும். கணினிக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். ஒரு பேரில் பதிந்ததை இன்னொரு பேரில் தேடினால் கிடைக்காது. ‘விசாலாக்ஷியிடம் போனால் பேரைச் சரிபார்த்துக்கொண்டு போ’ என்று அங்கே ஒரு கேலியே உண்டு. அந்தக் கேலியைத் திரையில் படிக்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் இனிக்கும். கேலியானாலும் அவள் பேர்.

போன மாதம் ஜிஷா என்ற பெண் வந்து சேர்ந்தாள். கலூரில் விடுதியில் தங்கி வேலை தேடிக்கொண்டிருப்பவள். நோயாளியின் வீட்டாரே நர்ஸ் வேண்டுமென்று பதிவு செய்ய ஒரு பக்கம் எழுதினாள். இரண்டு தடவை விசாலாக்ஷி அதைத் திருப்பினாள். இரண்டு தடவையும் அந்தப் பெண் முகம் சுளிக்காமல் திருத்தி, ‘விசாலாக்ஷி சேச்சி’ என்று தொடங்கி, ‘நன்றி விசாலாக்ஷி சேச்சி’ என்று முடித்து அனுப்பினாள். மழை எப்படி, சாப்பிட்டீர்களா என்றும் நடுவில் கேட்டிருந்தாள்.

மூன்றாம் தடவை வந்ததில் ஓர் இடம் விசாலாக்ஷியின் கண்ணில் பட்டது. நர்ஸ் வீட்டுக்குப் போவதை எல்லாரும் ‘விசிட்’ என்று எழுதியிருக்க, ஜிஷா ‘ஹோம்கால்’ என்று எழுதியிருந்தாள். திருப்ப வேண்டியதுதான். ஆனால் மூன்றாவது முறையும் திருப்பினால் இந்தப் பெண் அலுத்துப்போய் எழுதாமலே இருந்துவிடுவாளோ? அந்த எண்ணம் வந்ததும் வீடு இன்னும் கொஞ்சம் அமைதியாகிவிட்டது போலிருந்தது. அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக, ஏற்றுக்கொண்டாள்.

அதன் பலன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது.

விடாத மழை. மழையில் ஏசிக்கு யார் ஆள் கூப்பிடப் போகிறார்கள் என்று ரமேஷ்பாபு கடைக்குப் போகவில்லை. விசாலாக்ஷி பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். முன்னறையில் போன் அடித்தது. இருவர் போனுக்கும் ஒரே மாதிரி உறை. அவன் தன்னுடையதென்று எடுத்தான்.

“யாரு? விசாலாக்ஷியா?” என்று அவன் கேட்பது அவளுக்குக் கேட்டது. பிறகு அவன் குரல், தாழ்ந்து, மரியாதையாக: “விசாலாக்ஷி மரிச்சுபோச்சு சேட்டா. ஒரு வருஷம் ஆச்சு.”

அவள் கையில் பிழிந்த துணி அப்படியே நின்றது. சாவுச் செய்தி கேட்டவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றாள். அதிலும் இது சொந்தச் சாவு. மழைத்தண்ணீர் கூரையிலிருந்து வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. ‘சரிதானே’ என்று ஏதோ ஒன்று உள்ளே சொன்னது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஈரக் கையோடு முன்னறைக்கு வந்தாள். ரமேஷ்பாபு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எடோ, இது உன்னோட போனா?” என்றான். “யாரோ விசாலாக்ஷி உண்டோன்னு கேட்டான். நான் அம்மையத்தான்...” சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவள் போனை வாங்கி அந்த எண்ணுக்கு அழைத்தாள். பேசியவன் ஷாஜி, சுள்ளிக்கல் குழுவின் தொண்டன். இதுவரை எழுத்தில் மட்டும் பழக்கம். “சேச்சி, இப்போ ஒரு சேட்டன் பறஞ்சாரு, சேச்சி...”

“இல்ல ஷாஜி. இருக்கேன். சொல்லு.”

ஷாஜி சொன்னது இது. சுள்ளிக்கல்லில் காளிமுத்து என்று ஒரு பெரியவர். கார்ப்பரேஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சிறுநீர்க்குழாய் மாற்ற இன்று காலை நர்ஸ் வர வேண்டும். மருமகள் புதிய பக்கத்தில் பதிவு செய்திருக்கிறாள். பதிவாகிவிட்டது என்று பதிலும் வந்திருக்கிறது. நர்ஸின் போனில் மட்டும் அந்தப் பேர் இல்லை. பெரியவர் காலையிலிருந்து சட்டை மாட்டி, சாப்பிடாமல், வாசலைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். இப்போது வேறொரு நர்ஸைப் பிடித்து அனுப்பியிருக்கிறான். ஆனால் எங்கே தப்பு என்று தெரியவில்லை.

விசாலாக்ஷிக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸின் திரை ‘விசிட்’ என்று பதிந்ததை மட்டும்தான் தேடி எடுக்கும். காளிமுத்து ‘ஹோம்கால்’ என்று உள்ளே கிடக்கிறார். ஆள் இருக்கிறார், பதிவு இருக்கிறது, கூப்பிடுகிற பேர்தான் வேறு.

துணியை அப்படியே போட்டுவிட்டு மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். ஜிஷாவுக்கு எழுதினாள்: தப்பு உன்னுடையது மட்டுமல்ல, நான் பார்த்தும் விட்டுவிட்டேன். ஜிஷா பதறிப்போனாள். உடனே ஒரு யோசனையும் சொன்னாள். இரண்டு பேரையும் நர்ஸின் திரை ஏற்றுக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்துவிட்டால் போதுமே, எதையும் மாற்ற வேண்டாமே என்றாள்.

வேண்டாம் என்று விசாலாக்ஷி எழுதினாள். இன்றைக்கு இரண்டு பேர் என்றால் நாளைக்கு ஒருவர் மூன்றாவதோடு வருவார். எப்படிக் கூப்பிட்டாலும் சரி என்று விட்டால் கடைசியில் எப்படிக் கூப்பிடுவதென்று ஒருவருக்கும் தெரியாமல் போகும். ஜிஷா விடவில்லை. எங்கள் பக்கத்து நர்ஸுகள் ஹோம்கால் என்றுதான் சொல்கிறார்கள், எந்தப் பேர் நிற்க வேண்டுமென்று எப்படி முடிவு செய்வது என்று கேட்டாள்.

விசாலாக்ஷி யோசிக்காமலே தட்டினாள். ஆதியிலிருந்து இருக்கிற பேர் நிற்கும். வேறொன்றோடு மோதினால் மட்டும் மாற்றலாம். மாற்றினால் அன்றைக்கே எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். மோதல் தீர்ந்துவிட்டால் பழைய பேரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அனுப்பிய பிறகு கடைசி வரியைப் பார்த்தாள். அப்படி ஒரு விதி அந்தத் திட்டத்தில் கிடையாது. இதுவரை யாரும் எழுதியதில்லை. ஜிஷா, ‘சரி விசாலாக்ஷி சேச்சி’ என்று பதில் போட்டிருந்தாள்.

இருவரும் சேர்ந்து எல்லா இடத்திலும் பேரை மாற்றி, ‘ஹோம்கால்’ என்று ஏற்கெனவே பதிந்திருந்தவற்றையும் ‘விசிட்’டுக்குக் கொண்டுவந்தார்கள். முடிந்தபோது மழை நின்றிருந்தது. ரமேஷ்பாபு அலசாமல் கிடந்த துணிகளை அலசிக் கொடியில் போட்டிருந்தான். எதுவும் பேசாமல் ஒரு சாயாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

“சுள்ளிக்கல் வரை கூட்டிட்டுப் போறீங்களா? ஒருத்தரப் பாக்கணும்,” என்றாள்.

காளிமுத்து வீட்டில் நர்ஸ் வந்துபோயிருந்தாள். பெரியவர் தெளிவாக இருந்தார். காலையில் போட்ட சட்டையைக் கழற்றவில்லை. விசாலாக்ஷி மன்னிப்புக் கேட்டாள். நடந்ததை எளிதாகச் சொல்லப் பார்த்தாள். அவருக்குக் கணினி விவகாரம் பிடிபடவில்லை.

“காத்துக் கெடக்கது கஷ்டமில்லம்மா,” என்றார். “கெடந்துதானே ஆகணும். என்னய மறந்துட்டாங்களோன்னுதான் நெனச்சேன். மறக்கலன்னு நீ வந்து சொன்னேல்லா, போதும்.” பிறகு வாசலில் நின்ற ரமேஷ்பாபுவை உற்றுப் பார்த்தார். “நீ விசாலாக்ஷி மவன்லா? உங்க அம்மைய எனக்கு நல்லாத் தெரியும்டே. நல்ல மனுஷி. இது உன் வீட்டுக்காரியா? பேரென்ன?”

கேள்வி அவனிடம். விசாலாக்ஷி கணவனைப் பார்த்தாள். அவன் வாய் திறந்தது. ஒரு பேரும் வரவில்லை. மீனாவும் வரவில்லை, மற்றதும் வரவில்லை. அவன் முகத்தில் அப்போது தெரிந்ததை அவள் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. தேடுகிறான், உள்ளே எங்கேயோ வைத்தது கிடைக்கவில்லை.

“கற்பகத்தோட அம்மை,” என்றான் கடைசியில். பெரியவர் தலையாட்டினார்.

திரும்பும் வழியில் கடைகளில் விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இந்த முதுகைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை இந்த ரோட்டில் வந்திருப்பாள். இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி தனியாக இருக்க முடியுமென்று யாராவது சொன்னால் அவளே நம்பியிருக்க மாட்டாள்.

வீடு வந்தது. அவன் ஸ்கூட்டரை நிறுத்திப் பூட்டி, மாடிப்படி ஏறிப் போய் விளக்கைப் போட்டான். அவள் ஏறவில்லை. கீழிருந்த கடைசிப் படியில் உட்கார்ந்தாள். படி ஈரமாக இருந்தது. புடவை நனைவது தெரிந்தும் உட்கார்ந்தாள்.

“கேட்டியா,” என்று மேலேயிருந்து குரல் வந்தது. “ராத்திரிக்குக் கஞ்சி போதுமா?”

அவள் எதிரே சுக்குக் கிடங்கின் பக்கமே பார்த்தபடி இருந்தாள்.

“இந்தா... எடோ.”

கீழ்வீட்டு ஜன்னலில் சரோஜம்மா எட்டிப் பார்த்தாள். “புதுப்பொண்ணே, உன்னத்தானே விளிக்கிறான், கேக்கலியா?”

“கேக்குது சரோஜம்மா.”

“பின்னெ எந்தா இங்க இருந்துட்டே?”

அவள் சிரித்தாள். சரோஜம்மா ஒரு கணம் பார்த்துவிட்டு, ஏதோ புரிந்தவள் போல ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

மேலே நடையோசை. அவன் இறங்கி வந்தான். இரண்டு படி மேலே நின்று, “கூப்பிட்டது கேக்கலியா? என்ன ஆச்சு?” என்றான்.

“யாரக் கூப்பிட்டீங்க?”

“உன்னத்தான்.”

அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவன் தயங்கி, ஈரத்தைப் பார்த்து, பிறகு பரவாயில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்தான். எதிரே சுக்குக் கிடங்கின் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

“மத்தியானம் நான் சொன்னது உன் மனசுல கெடக்கு,” என்றான். “நெனச்சுச் சொல்லல. அந்தப் பேரு கேட்டா எனக்கு அம்மைதான் முன்னால வந்து நிப்பாங்க. இன்னைக்கு அந்தத் தாத்தா கேட்டப்போ...” நிறுத்தினான். “எனக்கே நாணமாப் போச்சு.”

அவன் கை படிமேல் இருந்தது. அவள் தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

“கல்யாணமான மூணாம் நாள் அத்தை ஒண்ணு சொன்னாங்க,” என்றாள். “அடுக்களைல, கப்பை உரிக்கும்போது. நானும் அவங்களும் மட்டுந்தான் இருந்தோம். நீங்க கோவத்துல என்னைப் பேர் சொல்லித் திட்டினா அதுல பாதி அவங்களுக்கு வந்து சேரும்னு சொல்லித்தான் வேற பேரு வச்சாங்க.”

அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. கண் கலங்கவும் செய்தது. “அம்மை அப்படித்தான் சொல்லும்.”

“இன்னொண்ணும் சொன்னாங்க. என் காலம் வரைக்கும்தான், பிறகு உன் பேரு உனக்கு, நாந்தான் சொன்னேன்னு சொல்லி வாங்கிக்கோன்னாங்க.” அவள் நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். “அவங்க இருந்த வரைக்கும் எனக்கு அது பெருசாத் தெரியல. இந்த ஒரு வருஷமா ஒவ்வொரு நாளும் கேக்கணும்னு நெனச்சேன். நீங்க விளக்கேத்தும்போது உங்க முகத்தப் பாத்துட்டுக் கேக்காம விட்டேன்.”

அவன் அவள் பக்கம் திரும்பினான். அவள் எதிரே மூடிக் கிடந்த கதவைப் பார்த்தபடியே, ஆனால் அவனுக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

“இனிமே என்னை விசாலாக்ஷின்னு கூப்பிடுங்க. கோவம் வந்தா அந்தப் பேரச் சொல்லியே திட்டுங்க. பாதி வேற எங்கயும் போகாது. முழுசும் நானே வாங்கிக்கிடுதேன்.”